மூன்று குரலுக்கு ஒரு வண்டி

காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் நான் கேட்பது 'க்ளவுட்' என்கிற மேகக் கணினிச் செய்தி. கேட்பது என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படித்தால் எனக்கு நேரமாகும். போனில் ஒரு இடத்தில் விரலை வைத்தால் அதுவே வாசித்துக் காட்டிவிடுகிறது. எந்தக் கம்பெனி எந்த ஊரில் புதிதாகக் கணினிக் கூடம் கட்டுகிறது, எங்கே ஒரு கூடத்தில் கோளாறு வந்து எத்தனை பேருடைய செயலிகள் நின்றுபோயின, யார் வாடகையை ஏற்றினார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் என் வயதுக்காரர்கள் சர்க்கரை, மூட்டுவலி என்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் இதைத்தான் பேசுவேன். "கஜா வந்துட்டாம்பா, இன்னிக்கு மழ வருமான்னு கேளு" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அதில் ஒரு பகுதி அம்பத்தூரில் தரையில்தான் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. மேகக் கணினி ஏதோ வானத்திலிருந்து குதித்தது இல்லையாம். அதற்கு முன்பே 'சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சர்' என்று ஒன்று இருந்ததாம். ஒரு பெரிய மென்பொருளை உடைத்து, பதிவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று தனித்தனிச் சேவையாக்குவது. ஒன்று மற்றொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கும்; அதன் அறைக்குள் எட்டிப் பார்க்காது. இப்படி உடைத்து வைத்தால்தான் மேகத்தில் ஏற்ற வசதி என்று செய்தி சொன்னது. நான் சிரித்துக்கொண்டேன். ஷெட்டுக்குக் கணினி வருவதற்கு முன்பிருந்தே அதை நடத்தியவன் நான்.

அதைத்தான் நம் பார்சல் ஷெட்டின் ஆயுத பூஜை மலருக்கு எழுதச் சொல்லி அமுதா கேட்டாள். டிஸ்பாட்ச் பிரிவில் இன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்களாம், மற்ற ஷெட்டுகளில் பொத்தானை அமுக்கினால் திரையில் 'பதிவானது' என்று வருகிறது, நம் ஷெட்டில் மட்டும் ஏன் 'கேட்டுச்சு' என்று வருகிறது என்று. யார் வைத்தது அது? நான் வைத்தது. எப்படி என்று சொல்கிறேன்.

என் ஆரம்பக் கதை பெரிதில்லை. திருமழிசைப் பக்கம் கூலிக் குடும்பம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மூட்டை தூக்க இந்த ஷெட்டுக்கு வந்தேன். தூக்கும்போது என் குரல் ட்ரங்க் ரோடு வரைக்கும் கேட்கிறது என்று கண்டுபிடித்து என்னைக் கூவுகிறவன் ஆக்கினார்கள். பிறகு கவுண்டர், பிறகு குடோன் பொறுப்பு, கடைசியில் டிஸ்பாட்ச் மேலாளர். பட்டம் வாங்கியவர்கள் என் கீழே வேலை பார்த்திருக்கிறார்கள். அதில் எனக்குக் கூச்சமும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

கூவுவது என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. ஷெட்டில் மூன்று இடம். வாசலில் கவுண்டர், வாடிக்கையாளர் பெட்டியைக் கொடுத்து எண் வாங்குவார். நடுவில் குடோன், பெட்டியை ஊர்வாரியாக ரேக்கில் அடுக்குவார்கள். பின்பக்கம் மேடை, அங்கேதான் வண்டி வந்து முதுகைக் காட்டி நிற்கும். கவுண்டரில் இருப்பவனுக்கு எந்த வண்டி வருகிறது என்று தெரிய வேண்டியதில்லை. மேடையில் இருப்பவனுக்கு யார் பணம் கட்டினார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. ஒருவன் இன்னொருவன் இடத்துக்குள் போகக் கூடாது. வேண்டியதைக் கூவிக் கேட்க வேண்டும்.

எப்படிக் கூவுவது என்பதில்தான் என் சட்டம். ஊரும் எண்ணும் சேர்த்து மூன்று முறை. "பட்டாபிராம் நானூத்திப் பன்னெண்டு" என்று ஒரு முறை சொன்னால், லாரி ஹாரனிலும் மூட்டை விழும் சத்தத்திலும் அது யார் காதிலும் ஏறாது. முதல் குரல், கேட்கிறவன் தலையைத் திருப்புவதற்கு. இரண்டாவது, ஊரைப் பிடித்துக்கொள்வதற்கு. மூன்றாவது, எண்ணைச் சரிபார்ப்பதற்கு. கேட்டவன் ஒரே ஒரு முறை, அந்த எண்ணைச் சொல்லி, "கேட்டுச்சு" என்று திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். அது வரும்வரை கூவியவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வரவில்லையென்றால் மறுபடி மூன்று. அதே எண்ணை எத்தனை முறை கத்தினாலும் குடோனில் எடுப்பது ஒரு பெட்டிதான். வேறு எண் வந்தால்தான் வேறு பெட்டி. இதில் தப்புச் செய்தவனை நான் மன்னித்ததே இல்லை. மூன்று முறை கூப்பிடாதது கூப்பிட்டதே இல்லை என்பேன். ஷெட்டில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். என் காலத்தில் எங்கள் ஷெட்டில் பெட்டி தவறியது என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் விரல் நீட்டியது கிடையாது.

அப்புறம் ஷெட்டுக்குக் கணினி வந்தது. மூலையறையில் ஒரே இயந்திரம். பதிவு, குடோன், வண்டி, கணக்கு எல்லாம் அதற்குள் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு ஏதாவது ஓட்டினால் கவுண்டர் நின்றுவிடும். வாடிக்கையாளர் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். "இன்னாயா, எங்க பொட்டிய வாங்கறதுக்கு உங்க கணக்கு முடியணுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதானே.

இதை மாற்ற வந்தவர் சாரதா மேடம். எங்கள் பகுதி மேலாளர். ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த மேலதிகாரிகளில் என் மதிப்புக்குத் தகுந்தவர் அவர் ஒருவர்தான். நின்றுகொண்டுதான் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். நாம் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "யார் பாத்தது?" நான் பார்த்தேன் என்றால் மேலே கேட்பார். "சொன்னாங்க மேடம்" என்றால் அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாம் சொன்னது காற்றோடு போயிற்று என்று அர்த்தம். ஷெட்டில் பாதிப் பேர் அவர் கேள்விக்குப் பயந்தே எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். "ஐயா, கொஞ்சம் வாங்க" என்று யாரையாவது கூப்பிட்டால், அந்த ஆளுக்கு மற்றவர்கள் கண்ணாலேயே ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, எங்கள் மென்பொருளை உடைத்துச் சேவைகளாக்கி மேகத்தில் ஏற்றுவது என்று மேடம் முடிவெடுத்தார். வேலையை எடுத்துச் செய்தவர் டேனியல், கொரட்டூர்க்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்கு அலுவலகம். பதிவு தனி, குடோன் தனி, வண்டி தனி, கணக்கு தனி, ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொள்ளும் என்று பலகையில் கட்டம் போட்டு அவர் விளக்கினார். நான் எழுந்து அந்தக் கட்டங்களின் மேலேயே கவுண்டர், குடோன், மேடை என்று எழுதினேன். டேனியல் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணா, இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு மீட்டிங் மிச்சம்" என்றார். அன்றிலிருந்துதான் நான் இந்தச் செய்திகளைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். நம் தொழில் எங்கே போகிறது என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

ஆனால் முதலாளிக்கு இதில் முழு மனது இல்லை. தலைமை அலுவலகம் சென்ட்ரல் பக்கம், அங்கேயே இருப்பவர். நெடுஞ்சாலையில் தூரத்தில் புதிதாக ஒரு ஷெட்டு கட்டி வைத்திருந்தார். பூந்தமல்லியில் புது ஏற்பாடு சரிப்படவில்லையென்றால் வேலையை முழுக்க அங்கே மாற்றிவிடுவேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டார். மாற்றினால், அங்கே ஏற்றி இறக்க வேறு ஒப்பந்த ஆட்கள் இருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண்கள் யாரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்வர முடியாது. நேராகச் சொன்னால், எங்கள் ஷெட்டு மூடும். அத்தனை பேர் வீட்டிலும் உலை நிற்கும்.

புது ஏற்பாடு தொடங்கிய அன்றே வம்பு வந்தது.

கவுண்டரில் பெட்டியைப் பதிவு செய்து 'வண்டி' என்ற பொத்தானை அமுக்கினால், கூப்பாடு மேகத்துக்குப் போய், அங்கிருந்து வண்டிச் சேவைக்குப் போய், பக்கத்தில் காலியாக நிற்கும் ஒரு குட்டி யானையின் ஓட்டுநர் போனில் மணி அடிக்கும். குட்டி யானை என்றால் தெரியும், வாடகைக்கு ஓடும் சின்ன லோடு வண்டி. அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு பெட்டிக்கு மூன்று வண்டி வந்து நின்றது. அடுத்த பெட்டிக்கும் மூன்று. மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து ட்ரங்க் ரோடே பாதியாகக் குறுகியிருந்த நேரம். எங்கள் வாசலில் குட்டி யானைகள் வரிசை கட்டி நின்றதும் பஸ் நின்றது, போக்குவரத்துப் போலீஸ் வந்தார். ஒரு ஓட்டுநர் இறங்கி வந்து என்னிடம் கேட்டான்:

"இன்னா அண்ணாத்தே, ஒரு பொட்டிக்கு மூணு வண்டியா? ஆளுக்கு ஒரு மூலயா தூக்கினு போவவா?"

ஒரு வண்டியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பி அனுப்பினேன். மறுநாளும் அதே கதை. அன்று சாயங்காலமே முதலாளிக்கு விஷயம் போய்விட்டது. ரேக்குகளைக் கழற்றி எடுத்து வரப் புது ஷெட்டிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்றார்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து கடைசியில் நெட்வொர்க் மேல் பழியைப் போட்டார்கள். மெட்ரோவுக்குத் தோண்டும்போது கேபிள் அறுந்து அறுந்து ஒட்டுகிறது, அதனால் ஒரே கூப்பாடு மூன்றாகப் போகிறது என்று. டேனியலும் மேகம் தானாகக் குறித்து வைத்திருந்த பதிவுகளைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று கூப்பாடு வந்திருப்பது உண்மைதான். எங்கிருந்து மூன்றானது என்று அதில் இல்லை. நெட்வொர்க்காக இருக்கலாம் என்றார் அவரும்.

மேடம் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "யார் பாத்தது?"

நான் எழுந்து வெளியே வந்தேன். பார்ப்பதற்கு.

கவுண்டரில் அமுதா இருந்தாள். அவள் முதுகுப் பக்கம் நின்றேன். ஒரு அம்மா துணிப் பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள், பட்டாபிராம் போக வேண்டியது. அமுதா பதிவு செய்தாள். பொத்தானில் விரல் வைத்தாள். உதடு அசைந்தது. பட்டாபிராம்; ஒரு அமுக்கு. பட்டாபிராம்; ஒரு அமுக்கு. பட்டாபிராம்; ஒரு அமுக்கு. பிறகு விரலை எடுக்காமல், காதைக் கொஞ்சம் சாய்த்து, திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கவுண்டருக்குப் போனேன். அங்கேயும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. ஒருத்தி கூட ஒன்று, இரண்டோடு நிறுத்தவில்லை.

அமுதாவிடம் ஏன் என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா அண்ணே கேக்கற? நீதான சொல்லிக்குடுத்த. மூணு தபா கூப்டலன்னா கூப்டதே இல்லன்னு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஷெட்டு மூடப் போகிற நேரத்திலும் என் ஆட்கள் சட்டத்தை விடவில்லை. இந்த ட்ரங்க் ரோட்டில் வேறு எந்த ஷெட்டில் இப்படி ஒரு ஒழுங்கு உண்டு?

உள்ளே போய் மேடத்திடம் சொன்னேன், நானே பார்த்தேன் என்று. டேனியல் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"அப்போ எல்லாரையும் ஒரு தடவை மட்டும் அமுக்கச் சொல்லுங்க. முடிஞ்சது விஷயம்."

"சொல்ல மாட்டேன் மேடம்."

அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, ஏன்னு சொல்லுங்க."

ஐயா வந்துவிட்டது. ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. ஒரு முறை அமுக்கி அது போய்ச் சேரவில்லையென்றால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்கள் குடோனில் கேட்டவன் திருப்பிக் குரல் கொடுப்பான். இந்தத் திரை கல்லு மாதிரி இருக்கிறது. பதில் வராத இடத்தில் மனுஷன் மறுபடி கூப்பிடத்தான் செய்வான். இன்றைக்கு நான் தடுத்தாலும் கூட்டம் நெருக்கும் நாளில் அவன் விரல் தானாகப் போகும். கூப்பிடுகிறவனைக் குறைத்துக் கூப்பிடச் சொல்லக் கூடாது. மூன்று குரலும் ஒரே பெட்டிக்குத்தான் என்று கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டும். எங்களுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணை வைத்து.

டேனியல் சிரிப்பை நிறுத்திவிட்டார். மேடம் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் சொல்றது சரி மேடம். ஒரு தடவை அமுக்கினாலும் தீராது. பதில் லேட்டானா நம்ம பதிவுச் சேவையே மறுபடி கூப்பிடும், அப்படித்தான் எழுதியிருக்கோம். கணக்குச் சேவையில, ஒரே எண் திரும்ப வந்தா புதுசா எடுத்துக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோம். வண்டிச் சேவை வெளியில வாங்கினது. அதுல அது இருக்கும்னு நெனச்சேன். இல்ல."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"நாளைக்கு மத்தியானம்."

மேடம் எங்கள் முன்னாலேயே முதலாளிக்குப் போன் செய்தார். நெட்வொர்க் என்று சொல்லவில்லை, ஆட்கள் தப்பு என்றும் சொல்லவில்லை. வண்டிச் சேவையில் ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறோம், நாளை மத்தியானம் நீங்களே வந்து சோதித்துப் பாருங்கள், சரியில்லையென்றால் ரேக்கைக் கழற்றிக்கொள்ளுங்கள், நானும் கிளம்பிவிடுகிறேன் என்றார். கடைசியில் சொன்னது எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. தன் வேலையையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டார்.

டேனியலிடம் நான் ஒன்று கேட்டேன். வண்டி ஒத்துக்கொண்டதும் திரையில் பெரிய எழுத்தில் 'கேட்டுச்சு' என்று வர வேண்டும். 'பதிவானது' என்று போட்டால் போதாதா என்றார். பதிவானது என்பது அலுவலகத்துப் பேச்சு, எங்கள் பெண்கள் எதிர்பார்த்து நிற்பது இந்தக் குரலை என்றேன். போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ரேக் கழற்றுகிற ஆட்கள் முதலாளிக்கு முன்பே வந்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, சொன்ன வேலைக்கு வந்தவர்கள். ஸ்பானரோடு முதல் ரேக்கின் கீழ் போல்ட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்தார்கள். அந்தக் கிறீச் சத்தத்தில் எங்கள் ஆட்கள் யாருக்கும் வேலை ஓடவில்லை. மேடம் போய் முதலாளி வரும்வரை பொறுக்கச் சொன்னார். ரேக் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

முதலாளி வந்தார். யாரிடமும் பேசாமல் கவுண்டருக்குப் போனார். ஆவடிக்குப் போகவேண்டிய ஒரு பெட்டி இருந்தது. அமுதா பதிவு செய்துவிட்டு நகர்ந்து நின்றாள். மேடம் அவரிடம், எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்குங்கள் என்றார். அவர் கோபத்தில் இருந்தார், விரல் சொல்லிற்று. நான் எண்ணவில்லை. பொத்தான் உடைந்துவிடப் போகிறது என்று பயந்தேன். திரையில் ஒரே முறை 'கேட்டுச்சு' என்று வந்து அப்படியே நின்றது.

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். ஒரு குட்டி யானை தகரத்தை ஒட்டி வளைந்து வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினான். நாங்கள் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தோம். இரண்டாவதாக ஒன்று வந்தது, அதே மாதிரி வெள்ளை வண்டி, எங்கள் பக்கம் விளக்கை மினுக்கிக்கொண்டே. என் பக்கத்தில் நின்ற அமுதா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி வேகத்தைக் குறைத்தது. ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டது. எங்கள் வாசலைத் தாண்டி, திருமழிசைப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு ரோட்டில் பஸ் வந்தது, மாடு வந்தது, வண்டி வரவில்லை.

வந்து நின்றவன் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, யாராச்சும் மந்திரி வராரா?" என்று கேட்டான்.

முதலாளி அவனுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் திரும்பி, நிஜமாகவே இரண்டு வண்டி வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்றார். நல்ல கேள்வி, தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. அடுத்த பெட்டிக்கு அடுத்த எண், அதற்கு அடுத்த வண்டி என்றேன். அமுதா இன்னொரு பெட்டியைப் பதிவு செய்தாள். தன் வழக்கப்படி, உதடு அசைய, மூன்று முறை அமுக்கினாள். ஒரு வண்டி வந்தது. முதல் வண்டி அதற்குள் ஏற்றிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பியிருந்தது.

முதலாளி மேடத்திடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். மேடம் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு முதலாளியே குடோனுக்குள் போய், ரேக் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னார்:

"டீ குடிச்சிட்டுக் கிளம்புங்கப்பா. இங்க கழட்ட ஒண்ணும் இல்ல."

அவர்கள் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். நான் வழியில் நின்றேன். முதல் ரேக்கில் தளர்த்திய போல்ட்டுகளைக் காட்டி, இறுக்கிவிட்டுப் போகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து இறுக்கினார்கள். ஒவ்வொன்றையும் நான் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் டீக்கு விட்டேன்.